தேங்காய்க் கணக்கும் கோழியின் பையும்

நோய்த்தடுப்பியல் ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பற்றிய செய்தியில், அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை ஆயிரம் தடவை மேற்கோள் காட்டினர் என்பதும், அவருடைய எச்-சுட்டெண் 60 என்பதும் பெரிய எழுத்தில் இருக்க, அவர் கண்டறிந்தது என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லையே, இந்த எண்ணைக் கொண்டே ஒருவரை மதிப்பிட்டுவிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எண்ணின் பயனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அதைக் கணக்கிடும் முறை அழகானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை ஒவ்வொன்றும் ஒரு மரம். பிறர் அதை மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு காய். அதிகம் காய்த்த மரம் முதலாக வரிசைப்படுத்தி, முதல் மரத்தில் ஒரு காயாவது உண்டா, இரண்டாம் மரத்தில் இரண்டு காயாவது உண்டா, மூன்றாம் மரத்தில் மூன்று காயாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே நடந்தால், ஏதோ ஓரிடத்தில் மரத்தின் வரிசை எண் அதன் காய்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிடும். அதற்கு முந்திய மரத்தின் எண்ணே தோப்பின் சுட்டெண். முப்பது மரங்களும் முப்பது முப்பது காய்த்திருக்கும் தோப்பு 31-ஐ எட்ட வேண்டுமானால், பழைய மரம் ஒவ்வொன்றும் இன்னொரு காய் தந்து, புதிய மரம் ஒன்று 31 காய் தந்து, ஆக 61 காய்கள் கூடவேண்டும். ஆகையால், காய்க்காத கன்றுகளை நட்டுத் தோப்பைப் பெருக்கிக் காட்டுபவரும், அதிருஷ்டத்தால் காய்த்த ஒற்றை மரத்தின் பெயரைச் சொல்லிக் காலந்தள்ளுபவரும் ஒருங்கே இதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் மூன்றே மரங்களை வைத்து, அவை ஒவ்வொன்றும் பதினாயிரம் காய்த்தாலும் சுட்டெண் மூன்றுதான். கறிக்கு அரைக்க எடுத்த காயும், அழுகல் என்று காட்டுவதற்காக உடைத்த காயும் கணக்கில் ஒன்றே. தம் பழைய கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டுபவர், காய்களைத் தம் மரத்தடியில் தாமே கொண்டுவந்து குவித்தாலும், எண்ணுபவர் பல வேளைகளில் விசாரிப்பதில்லை.

சரித்திரம் சுருக்கமாகவே போதும். மேற்கோள்களுக்கு ஓர் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். 1964-இல் அது வெளிவரத் தொடங்கியது. முந்திய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைக் கொண்டு சஞ்சிகையை அளக்கும் தாக்கக் காரணியும் அவ்வழியே பிறந்தது. எச்-சுட்டெண்ணை 2005-இல் முன்மொழிந்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு பௌதிக விஞ்ஞானி.

இத்தகைய கணக்குக்கு அகப்படாத கண்டுபிடிப்பு ஒன்றைக் காட்ட, இனிக் கோழிக்கு வருவோம். பறவையின் கழிவாயை ஒட்டியுள்ள சிறு பைக்கு, அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபாப்ரிசியஸின் பெயர் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், அதன் உபயோகத்தை அறிய, அதைச் சிலவற்றில் நீக்கிக் கோழிகளை வளர்த்துவந்தார். எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் காட்டுவதற்காக, அவருடைய நண்பர் திமொத்தி சாங் அவற்றில் சிலவற்றைக் கடனாக வாங்கிச் சால்மோனெல்லாவைச் செலுத்தியபோது, சில கோழிகளில் எதிர்பார்த்த எதிர்ப்பொருள் வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில், வராதவை பை நீக்கப்பட்ட கோழிகள் என்று தெரிந்தது. இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையை ‘சயின்ஸ்’ சஞ்சிகை நிராகரித்தது; 1956-இல் கோழி வளர்ப்புக்குரிய சஞ்சிகை ஒன்றில் அது பிரசுரமாயிற்று. நோய்த்தடுப்பியலார் பெரும்பாலோர் புரட்டாத ஏடு அது. இரண்டாண்டுக் கணக்கில் அது எந்த மூலைக்கு எட்டியிருக்கும்? 1965-இல் மாக்ஸ் கூப்பரும் அவருடைய தோழர்களும், தைமஸ் சுரப்பியைச் சார்ந்த வெள்ளணுக்கள் வேறு, இந்தப் பையைச் சார்ந்தவை வேறு என்று கோழியிலேயே பிரித்துக் காட்டினர். பையைச் சார்ந்த அந்த வெள்ளணுவே பி செல்; பை என்பதற்குரிய ‘பர்சா’ என்ற சொல்லின் முதலெழுத்தே அதன் ‘பி’.

இன்று பி செல்லைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் கிளிக்கின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை; உண்மை பொதுச்சொத்தாகிவிட்டால் மூலத்தைக் குறிப்பிடும் வழக்கம் நின்றுபோகும். விதைத் தேங்காய் ஊர்தோறும் போய் முளைத்துத் தோப்பு தோப்பாய் நிற்கையில், தாய்மரத்தின் கணக்கில் ஒரு காயும் ஏறாததைப் போன்றது இது.

ஆகவே வாசகருக்கு என் விடை இதுதான்: அந்த ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் உழைத்தார், பலர் அவரைப் படித்தனர் என்பதை 60 சொல்லும், அதற்கு மேல் சொல்லாது. அவருடைய கட்டுரைகளில் ஒன்றின் சுருக்கத்தையாவது தேடி வாசித்து, அதில் விளங்காததை எழுதியனுப்புங்கள். அடுத்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.