உஷார்! சரக்கோடு பாம்பும் இறங்குகிறது

துறைமுகம், கிடங்கு, சரக்கு விமானம் என எங்கே வேலை பார்த்தாலும் சரி, தீவுக்குப் போகிற பெட்டியை உள்ளே பார்க்காமல் மூடிவிடாதீர்கள். பசிபிக்கிலுள்ள குவாம் தீவு தன் பறவைகளைப் பறிகொடுத்தது இந்த அலட்சியத்தால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூகினிப் பக்கத்திலிருந்து வந்த ராணுவத் தளவாடங்களுக்குள் பழுப்பு மரப்பாம்பு ஒளிந்து வந்திருக்க வேண்டும். மெலிந்த உடம்பு, இரவில்தான் நடமாட்டம். கிளை நுனிவரை ஏறி முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் விழுங்கும். மரமேறும் பாம்பையே பார்த்திராத பறவைகளுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. பறவைகள் குறைவதற்குப் பூச்சிமருந்து காரணமா, நோய் காரணமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாம்புதான் என்று ஆய்வாளர் ஜூலி சாவிட்ஜ் 1987-இல் ஆய்வுக் கட்டுரையில் காட்டியபோது காலம் கடந்திருந்தது. 12 காட்டுப் பறவையினங்களில் 10 அந்தத் தீவிலிருந்தே போய்விட்டன. பூச்சி தின்னப் பறவை இல்லாததால் மழைக்காலத்தில் அண்டைத் தீவுகளைவிட 40 மடங்குவரை சிலந்திகள்! காட்டுக்குள் போகிறவர்கள் குச்சியால் வலையை விலக்கிக்கொண்டே நடக்கிறார்கள். மின்கம்பியில் பாம்பு ஏறி ஊரே இருண்டுபோவதும் உண்டு.

இப்போது 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்த செத்த எலிகளை வானிலிருந்து போடுகிறார்கள். அந்தப் பாம்பைக் கொல்ல அதுவே போதும். வெளியே போகும் சரக்கை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் 2020-இல் பக்கத்திலிருக்கும் கோகோஸ் தீவில் பாம்பு தட்டுப்பட்டது. அழியும் நிலையிலிருந்த, கோகோ என்ற குவாம் பறவைகளைப் பாதுகாப்பாக விட்டிருந்த இடம் அது!

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெயினின் இபிசா தீவில் 2003 வாக்கில் பாம்புகள் தென்பட ஆரம்பித்தன. பங்களாத் தோட்டங்களுக்கு அழகுக்காக வேரோடு பெயர்த்து வந்த முதிய ஆலிவ் மரங்களில் அவை வந்தன. அடிமரப் பொந்துக்குள் குளிர்காலத் தூக்கத்தில் பாம்போ முட்டையோ இருந்தால், ஏற்றுகிறவர் கண்ணில் எப்படிப் படும்? இன்று அப்பகுதித் தீவுகளுக்கே உரிய பல்லி இபிசாவில் பல இடங்களில் துடைத்தெடுத்தாற்போல் காணாமல் போய்விட்டது. பாம்புகளோ கடலில் நீந்திக் குட்டித் தீவுகளுக்கும் போகின்றன.

ஆகவே தீவுக்கு அனுப்பும் சரக்கில் குழாய்களின் உட்புறம், பேலட்டின் அடிப்பக்கம், தார்ப்பாய் மடிப்பு, வண்டியின் சக்கர இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பொந்துள்ள மரத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். தீவில் இறக்கும்போது பாம்பைக் கண்டால் விரட்டாதீர்கள். புதருக்குள் புகுந்தால் பிறகு யாராலும் தேட முடியாது. கையால் பிடிக்கவும் போகாதீர்கள். கண்டெய்னர் கதவைச் சாத்திவிட்டு, உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள்.