ஊமையான ஒலிவாங்கி

கனமூலையில் ஒரு கவியரங்கு. என் மாணவி பாடிக்கொண்டிருக்கையில் கம்பியில்லா ஒலிவாங்கி ஊமையாயிற்று. உதடு அசைந்தது, சத்தமில்லை. சபை சிரித்தது, பிள்ளை அழுதுவிட்டாள். பற்றரிக்குப் பொறுப்பு நான்தான். மூன்று மாதம் முன்பு சார்ஜ் செய்து, ஒலிவாங்கிக்குள்ளேயே விட்டிருந்தேன்.

நிக்கல் உலோக ஹைட்ரைட் பற்றரி சும்மா கிடந்தாலும் மின்னை இழக்கும். நம் கரையோர வெக்கையில் இன்னும் விரைவாக. 2005இல் ஜப்பானின் சான்யோ வெளியிட்ட 'எனலூப்' இவ்விழப்பை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் முதல்நாள் சார்ஜ் செய்வதே புத்தி. இன்னொன்று: சாதாரணப் பற்றரி 1.5 வோல்ற், இது 1.2. வகையைக் கருவியில் குறிக்காவிட்டால், மீதியைக் காட்டும் விளக்கு பொய் சொல்லும்.

பழையதோடு புதியதைச் சோடி சேர்க்கலாகாது. (கவியரங்கில் சேரலாம்.) பலவீனமானது முதலில் வற்றும், மற்றது அதில் எதிர்த்திசையில் மின்னேற்றிக் கெடுக்கும். முற்றாக வற்றவிட்டே சார்ஜ் செய்யவேண்டும் என்பது நிக்கல் கட்மியக் காலத்துப் பேச்சு. லிதியம் வகையை நெடுநாள் வைப்பதானால் பாதியளவில் வைக்கலாம்.

இப்போது பற்றரிகளைக் கழற்றி, உப்புக்காற்றுப் படாத மூடிய பெட்டியில், திறப்பு, சில்லறைக்காசு உரசாமல் வைக்கிறோம். பெட்டி அந்த மாணவியின் பொறுப்பில். சார்ஜ் செய்த திகதியை அவளே எழுதுகிறாள், என்னை நம்புவதில்லை.