கணக்கில் வராத பிள்ளைகள்

விதை வெங்காயம் வாங்கப் போகுமுன் எத்தனை பரப்பு நடப்போகிறோம் என்று கணக்குப் பார்க்கிறோம். கணக்குப் பிழைத்தால் தோட்டத்தில் ஒரு பக்கம் வெறுந்தரையாகக் கிடக்கும். அரசாங்கமும் பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே ஆசிரியரையும் வகுப்பறையையும் ஒதுக்குகிறது. கண் தெரியாத, காது கேளாத, மெல்லக் கற்கும் எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்களா?

கணக்குகள் இரண்டு. ஒன்று, வீடு வீடாக எடுக்கும் குடிசன மதிப்பீடு. மற்றையது, கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பாடசாலைகளில் எடுக்கும் கணக்கு. இந்த இரண்டாவது கணக்கு, இடாப்பில் பெயர் உள்ள பிள்ளையை மட்டுமே எண்ணும். வீட்டுத் திண்ணையில் இருக்கும் பிள்ளையை அது அறியாது.

1981க்குப் பின் 2012 வரை யாழ்ப்பாணத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் பிற மாவட்டங்கள் பலவற்றில் எடுத்தபோதும் யுத்தத்தினால் இங்கு எடுக்க முடியவில்லை. அந்த 31 ஆண்டுகளுக்குள்தான் 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தோம். நிவாரண அட்டையில் பிள்ளை ஒரு தலையாக எண்ணப்பட்டது. அதற்குக் காது கேட்குமா என்று அந்த அட்டை கேட்கவில்லை.

2012இல் கேட்டார்கள். பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம் வைத்திருத்தல், தன்னைப் பராமரித்தல், பிறருடன் பேசிப் பழகுதல் ஆகியவற்றில் சிரமம் உண்டா என்பதே கேள்வி. நாடு முழுவதும் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதோவொரு சிரமம் உள்ளவர்களாகப் பதியப்பட்டனர்.

ஆயினும் கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதிலும் வேண்டும். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசும்போது குழம்பிவிடும் என்று பிள்ளையை உள்ளறையில் வைப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் இன்று மறைத்தால், நாளை எங்கள் பாடசாலைக்கு விசேட கல்வி அலகு கேட்கும்போது, "உங்கள் பகுதியில் அப்படிப் பிள்ளைகள் இல்லையே" என்ற பதில் வரலாம்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. கணக்கெடுக்க வருபவரிடம் சிரமத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேறிடத்தில் பதிவு இருந்தாலும், இப்போது குடியிருக்கும் இடத்துக் கிராம அலுவலரிடம் பிள்ளையின் விபரத்தைக் கொடுங்கள். அருகிலுள்ள பாடசாலை அதிபரைச் சந்தியுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி அங்கவீனத்தைக் காரணங்காட்டி அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது. 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம், கோண்டாவில் சிவபூமி பாடசாலை ஆகியவற்றிலும் விசாரிக்கலாம்.

காணியின் உறுதியை எத்தனை இடம்பெயர்விலும் மடியில் கட்டிக் காத்தோம். பிள்ளையின் பெயரையும் அப்படியே காத்து, உரிய ஏட்டில் பதிவோம்.