டாக்கோவா? முதலில் ரொட்டியைப் பாருங்க!

"மெக்சிகோ சிட்டியில மக வீட்டுக்குப் போறேன் டாக்டர். அங்கே டாக்கோ சாப்பிடலாமா? வயித்துக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார், என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் அம்மா.

தாராளமா சாப்பிடலாம்! சின்ன மக்காச்சோள ரொட்டியில் கறியோ, காயோ வைத்து மடித்துத் தருவதுதான் டாக்கோ. அதன் உயிரே ரொட்டிதான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பது அந்த மண்ணின் பழைய பக்குவம். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல், மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஐரோப்பிய ஏழைகளை அந்தக் காலத்தில் 'பெலக்ரா' நோய் வாட்டி எடுத்தது.

அதனால், கண்ணெதிரே ரொட்டி சுடும் கடையாகத் தேடுங்க. சான் ரஃபேல் பகுதியில் 1968 முதல் இருக்கும் 'எல் கலிஃபா டி லியோன்' அப்படிப்பட்டதுதான். நின்றுகொண்டே சாப்பிடும் சின்னக் கடை... 2024-ல் மிச்லின் நட்சத்திரம் வாங்கிவிட்டது!

அங்கே மாட்டுக்கறி, பன்றிக்கறிதான். சைவக்காரர்கள் வேறு கடையில் 'நோபால்' டாக்கோ கேளுங்க. நம்மூர் சப்பாத்திக்கள்ளி இனத்தின் மடல் அது.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு சாப்பிடணும். திறந்து வைத்த பச்சைச் சட்னியும், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். வயிறு வாழ்த்தும்!