சருகினுள் ஒரு புதிய இனம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் ஒரு பிடி சருகினை அள்ளினால், அதில் கொலம்போலா என்னும் துள்ளுவாலிகளைக் காணலாம். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. வயிற்றின்கீழ் மடங்கியுள்ள கவைவால் விடுபட்டு நிலத்தை உதைக்க, இவை துள்ளி எழுகின்றன. பூஞ்சைகளைத் தின்று, சருகு மண்ணாவதற்குத் துணைபுரிகின்றன.

சருகினைப் புனலிலிட்டு மேலே மின்விளக்கை எரியவிட்டால், வெப்பத்திற்கும் உலர்ச்சிக்கும் விலகி இவை கீழேயுள்ள ஆல்கஹாலில் வீழும். பின்னர் நுண்ணோக்கியின்கீழ்க் கண்களின் எண்ணிக்கை, மயிர்களின் வரிசை, நகங்களின் பற்கள் ஆகியன ஆராயப்படும். அறிந்த இனங்களினின்று நிலையாக வேறுபடுவதே புதிய இனமாகும்.

பெயருக்குச் சான்றாக ஒரு மூலமாதிரி காக்கப்படல் வேண்டும். 1916-இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை இத்தகைய மாதிரிகளைப் பேணி வருகிறது. பெயரிடுமுன் காடு அழியுமாயின், ஓரினம் மறைந்ததையும் நாம் அறியோம்.