பள்ளத்தை மூடுவது யார் பொறுப்பு?

சென்னையில் தெருவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் குறை ஒன்றுதான்: ரோடு போட்ட கையோடு வந்து தோண்டிவிடுகிறார்கள். குறை நியாயமானது. ஆனால் தோண்டாமல் ஒரு நகரம் இருக்க முடியாது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், இணையக் கேபிள், மழைநீர் வடிகால் எல்லாம் நம் காலடியில்தான் கிடக்கின்றன. 2011-இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்படி வந்து சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்கள் ஏராளம். அங்கே குழாய் வேண்டும் என்று கேட்டவர்கள் அந்தத் தெருக்காரர்களேதான். கேட்டது கிடைக்க வேண்டுமானால் தெருவை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே நம் கோபத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய பள்ளத்தை மூடும் விதம்தான் தெருவைக் கெடுக்கிறது. மூடும் வேலை கெடுவதற்குக் காரணமோ, தோண்டுகிறவர் ஒருவர், சாலையைச் சரிசெய்கிறவர் இன்னொருவர் என்று பொறுப்பை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஏற்பாடு.

பள்ளத்தை மூடுவது பார்வைக்கு எளிய வேலை. செய்முறையில் அது பொறுமை கேட்கும் வேலை. குழாயைச் சுற்றி மணல் போட வேண்டும். அதற்கு மேல் மண்ணை அரையடி, முக்காலடி கனத்துக்கு அடுக்கடுக்காகக் கொட்டி, அளவாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரம் வைத்து இடித்து இறுக்க வேண்டும். அது முடிந்தால்தான் ஜல்லிக் கலவை, அதன்மேல் தார். பல தெருக்களில் நாம் பார்ப்பது வேறு. தோண்டிய மண் வீட்டு வாசல்களை அடைத்தபடி குவிந்து கிடக்கும். குழாய் இறங்கியதும் ஜேசிபி அதை ஒரே தள்ளாக உள்ளே தள்ளும். பெயர்த்த தார்க்கட்டி, செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் மண்ணோடு சேர்ந்து புதையும். மேலே கொஞ்சம் மேடாக விட்டு, வாளியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. முதல் கனமழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். இடைவெளிகள் நிரம்பி மண் அமுங்கும். மேடாக இருந்த இடம் பள்ளமாகும். தண்ணீர் லாரியோ குப்பை லாரியோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது பெரும்பாலும் இப்படி மூடிய வெட்டின் மேல்தான். அதன்மேல் ஒட்டுப் போட்டாலும் பழைய தாரும் புதிய தாரும் சேரும் விளிம்பில் நீர் கசியும். தாருக்குத் தண்ணீர் ஆகாது. ஜல்லியைப் பிடித்திருக்கும் பிடியை அது விட்டுவிடும். அடித்தளம் ஆட்டம் கண்டபின் மேலே எவ்வளவு நல்ல தார் போட்டும் பயனில்லை.

இத்தனைக்கும் இறுக்கும் இயந்திரம் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதுதான் சிக்கல். குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரோ, மின்வாரியமோ, கேபிள் நிறுவனமோ மாநகராட்சியின் தெருவை வெட்ட வேண்டுமென்றால் அனுமதி வாங்கி, சாலைச் சீரமைப்புக் கட்டணம் செலுத்துகின்றன. பெரும்பாலும் மண்ணைத் தள்ளி மூடுவதோடு அவர்கள் வேலை தீர்ந்தது. நிரந்தரமாகத் தார் போடுவது மாநகராட்சியின் வேலை. பின்னால் வரும் ஒப்பந்ததாரருக்கு அடியில் மண் எப்படி நிரம்பியிருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. சாலை போட்டவர் சில ஆண்டுகளுக்கு அதன் குறைகளுக்குப் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்கிறது. நடுவில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் ‘வெட்டினதால் கெட்டது’ என்று அவர் விலகிக்கொள்ள வழி பிறக்கிறது. வெட்டியவர் ‘கட்டணம் கட்டிவிட்டோம்’ என்கிறார். மாநகராட்சி, அடுத்த டெண்டரில் சேர்த்திருக்கிறோம் என்கிறது. மூவரும் சொல்வது காகிதப்படி சரி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலை வெட்டுகளை நிறுத்தச் சொல்லி ஆண்டுதோறும் உத்தரவு வருவதால், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. அரைகுறையாக மூடிய பள்ளங்கள் அக்டோபர் மழையில் சேறாகின்றன.

இதன் செலவு எந்தத் துறையின் கணக்கிலும் வராமல் தெருவில் இருப்பவர் தலையில் விழுகிறது. கையேந்தி பவன் நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை இட்லியும் வடகறியும் விற்று முடிப்பது இரண்டு மூன்று மணி நேர வியாபாரம். வண்டி நிற்கும் இடத்தில் மண் குவிந்தால் இடம் போயிற்று. எதிரே தூசி பறந்தால் திறந்த சட்னி வாளிக்கு முன் யாரும் நிற்க மாட்டார்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒருவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தரச் சொல்கிறது. பள்ளம் தோண்டுவது இடமாற்றமாகக் கணக்கில் வருவதில்லை. மாதக்கணக்கில் பிழைப்புப் போனாலும் அவர் கேட்டு வாங்கக்கூடிய உரிமை எதுவும் இல்லை. இதைவிட அநியாயமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

அடுத்து வீட்டுக்காரர். ஒட்டுகள் பெருகித் தெரு முழுதும் மேடுபள்ளமானதும் மொத்தமாகத் தார் போட முடிவாகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால், ஒரு தடவைக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஐந்து தடவையில் 20 சென்டிமீட்டர். ஒரு முழுப் படியின் உயரம். ஏறிப் போன வாசலில் இறங்கிப் போக வேண்டியதாகிறது. தெருத்தண்ணீர் கூடத்துக்கும் தொட்டிக்கும் வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தரும் தொழில் சென்னையில் தழைத்திருப்பது இதனால்தான். பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அதன் பிறகு பல சாலைகளில் இப்படிச் சுரண்டும் மில்லிங் வேலை நடக்கிறது. உட்புறச் சந்துகளில் இன்னும் தவறுகிறது. சுரண்டாமல் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. கீழே யார் ஒழுங்காக மூடவில்லை என்பதற்கான தடயம் முழுவதும் புதுத் தாருக்கு அடியில் மறைந்துவிடும்.

ஒழுங்காக மூட வேண்டும், சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பதற்கு எதிர்வாதங்கள் உண்டு. கழிவுநீர்க் குழாய் உடைந்து தெருவில் ஓடும்போது அடுக்கடுக்காக இறுக்கிக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். உடைப்பை உடனே அடைக்கத்தான் வேண்டும். ஆனால் உடைப்பை அடைத்த பிறகு பள்ளத்தை ஒழுங்காக மூடச் சில மணி நேரம் கூடுதலாக ஆவதால் யாருக்கும் நட்டமில்லை. சுரண்டும் இயந்திரம் குறுகிய சந்துக்குள் நுழையாது என்பதும் உண்மை. அங்கே சிறு இயந்திரங்கள் கொண்டும் ஆள் வைத்தும் பெயர்க்கலாம். செலவு கூடும், ஆனால் வீட்டைத் தூக்க ஒரு குடும்பம் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது. பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் சில சாலைகளுக்குச் செய்ததுபோல் நடைபாதைக்கு அடியில் குழாய்க்கும் கேபிளுக்கும் தனி வழி அமைத்துவிட்டால் தோண்டவே வேண்டாமே என்று கேட்பவர்களும் உண்டு. அகலமான சாலைகளுக்கு அது நல்ல தீர்வு. நடைபாதையே இல்லாத பத்தடி, பதினைந்தடித் தெருக்களுக்கு அது எட்டாது. சென்னையில் ஏராளமானோர் வாழ்வது அத்தகைய தெருக்களில்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: குடிநீர் வாரியத்துக்குச் சாலை போடத் தெரியாது, அந்த வேலை மாநகராட்சியிடம் இருப்பதே முறை என்பது. வாரியமே தார் காய்ச்ச வேண்டியதில்லை. குழாய் பதிக்கும் டெண்டரிலேயே சாலையை முழுமையாகச் சீரமைப்பதையும் சேர்த்து, ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுக்கலாம். அவருடைய பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கலாம். தெரு அமுங்கினால் அவரே வந்து சரிசெய்யட்டும். மாநகராட்சிப் பொறியாளர் மண் நிரப்பும்போதே வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தார் போட்டபின் பார்ப்பதில் பயன் எதுவும் இல்லை. பணம் நிலுவையில் இருந்தால் ஜேசிபியின் ஒரே தள்ளலில் வேலையை முடிக்க யாருக்கும் மனம் வராது.

2022 முதல் வார்டுகளில் ஏரியா சபைகள் நடக்கின்றன. உங்கள் பகுதியில் கூடும்போது போய், தோண்டியவரே மூட வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதுவரை, தெருவில் பள்ளம் மூடும் நாளில் நின்று பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். இறுக்காமல் மூடினாலோ, சுரண்டாமல் தார் போட வந்தாலோ அன்றைக்கே மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தார் விழுந்த பிறகு சொல்லும் புகாருக்கு ஆதாரம் இருக்காது.