கோஹா: நூலகங்களும் கட்டற்ற மென்பொருளும்

கோஹா என்பது நூலகங்களின் அன்றாடப் பணிகளைக் கணினி வழியாக நடத்த உதவும் கட்டற்ற திறந்த மூல மென்பொருள் ஆகும். நூல் வாங்குதல், பட்டியலாக்கம், இரவல் வழங்கல், பருவ இதழ்களின் வரவுப் பதிவு, வாசகர்கள் தேடுவதற்கான இணையவழிப் பட்டியல் ஆகிய அனைத்தும் இதில் ஒரே தரவுத்தளத்தில் இணைகின்றன. இதனால் இவ்வகை மென்பொருளை ஒருங்கிணைந்த நூலக மேலாண்மை அமைப்பு என்று அழைப்பர். கட்டற்ற உரிமத்துடன் வெளிவந்த இத்தகைய அமைப்புகளில் முதலாவதாகக் கோஹா கருதப்படுகிறது.

கட்டற்ற மென்பொருள் என்றதும் பலர் அதை இலவச மென்பொருள் என்று மட்டுமே புரிந்துகொள்கின்றனர். இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளும் கட்டற்றவை அல்ல. எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், மூலநிரலைப் படித்து மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளும் பயனருக்கு இருந்தால்தான் ஒரு மென்பொருள் கட்டற்றதாகும். மூலநிரலைத் தராமல் விலையின்றி வழங்கப்படும் மென்பொருளை நம்பும் நூலகம், அதை வழங்கியவர் தரும் வசதிகளோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

தோற்றம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வெலிங்டன் நகருக்கு வடக்கே உள்ள ஓரோவெனுவா ஒரு சிறிய மாவட்டம். லெவின் நகரில் மைய நூலகமும் ஃபாக்ஸ்டன், ஷானன் ஆகிய ஊர்களில் கிளைகளும் இருந்தன. 1999இல் அந்நூலக அறக்கட்டளை பயன்படுத்தி வந்த கணினி அமைப்பு, 2000ஆம் ஆண்டுத் தேதிகளைச் சரியாகக் கையாளாது என்று தெரியவந்தது. சந்தையில் கிடைத்த வணிக மென்பொருள்களோ பெரிய நூலகங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. அவற்றின் விலையும் அவை கேட்ட தொலைத்தொடர்பு வசதியும் இச்சிறு நூலகத்தின் வரவுசெலவுக்கு எட்டவில்லை.

எனவே அறக்கட்டளை, கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற உள்நாட்டு நிறுவனத்திடம் தனக்கான மென்பொருளை எழுதித் தரச் சொன்னது. வாசகர் பட்டியல் இணைய உலாவியில் இயங்கியது. கிளைகள் சாதாரணத் தொலைபேசி இணைப்பிலேயே வேலை செய்யும்படி அமைப்பு எளிமையாக வைக்கப்பட்டது. 2000 சனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பணம் கொடுத்து எழுதுவித்த மென்பொருளை அறக்கட்டளை ஏன் பொதுவில் விட்டது? இதில் தாராள மனத்தோடு கணக்கும் உண்டு. நூலகத்திற்கு மென்பொருள் வணிகம் செய்யும் எண்ணம் இல்லை. ஒரே ஒரு நூலகம் மட்டும் பயன்படுத்தும் மென்பொருளைக் காலமெல்லாம் பராமரிக்கும் செலவும் அதன் தலையிலேயே விழும். பிறரும் பயன்படுத்தினால் திருத்தங்களும் சேர்க்கைகளும் பல இடங்களிலிருந்து வரும். அவ்வாறு குனூ பொது உரிமத்தின்கீழ் அது வெளியிடப்பட்டது. கோஹா என்ற மாவோரிச் சொல்லுக்குக் கொடை என்பது பொருள். மாவோரி வழக்கில் பெற்றவர் பின்னொரு நாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அக்கொடையில் அடங்கும்.

அந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. முதற்பதிப்பில் நூலகங்களிடையே பதிவுகளைப் பரிமாறப் பயன்படும் மார்க் வடிவத்திற்கு ஆதரவு இல்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள நெல்சன்வில் பொது நூலகம் அதைச் சேர்ப்பதற்குப் பணம் அளித்தது. அந்த வசதி இன்று உலகெங்கும் கோஹாவைப் பயன்படுத்தும் எல்லா நூலகங்களுக்கும் உரியது.

பெயர் யாருடையது?

உரிமம் நிரலைக் காத்தது. பெயரை அது காக்கவில்லை. கோஹாவுக்கு ஆதரவுச் சேவை வழங்கிவந்த லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனம், கட்டிபோவின் கோஹா பிரிவை 2007இல் வாங்கியது. பின்னர் அந்நிறுவனத்திற்கும் பிற நிரலாளர்களுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. திட்டத்தின் இணையதள முகவரி நிறுவனத்தின் கையில் இருந்ததால், பங்களிப்பாளர்கள் புதிய முகவரிக்கு இடம்பெயர நேர்ந்தது. 2010இல் லிப்லைமை வேறொரு நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டு நியூசிலாந்திலேயே கோஹா என்ற பெயரை வணிகக் குறியாகப் பதியும் முயற்சி வெளிச்சத்துக்கு வந்தது. மென்பொருளை உருவாக்கிய நூலக அறக்கட்டளையே தன் பெயருக்காக வழக்காட வேண்டிய நிலை. காட்டலிஸ்ட் ஐடி என்ற நிறுவனமும் அறக்கட்டளையுடன் நின்றது. 2013 டிசம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது.

தமிழ் நூல்களைப் பட்டியலிடுதல்

தமிழ்நாட்டிலும் பல கல்லூரி நூலகங்கள் கோஹாவைப் பயன்படுத்துகின்றன. இங்கு அதன் முக்கியமான நன்மை ஒருங்குறி ஆதரவு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதில் தேடவும் இயலாது. அத்தகைய பதிவுகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே கோஹாவில் ஏற்ற வேண்டும்.

வெளிநாட்டு நூலகங்களின் பதிவுகளை இணையம் வழியாக நகலெடுக்கும் வசதியும் கோஹாவில் உண்டு. ஆங்கில நூல்களுக்கு இது பெரிய நேரச் சேமிப்பு. தமிழ் நூல்களுக்கு அவ்வளவு பயன் இல்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தமிழ் நூற்பதிவுகளில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பெரும்பாலும் மேற்குறி, கீழ்க்குறிகளுடன் உரோமன் எழுத்தில் இருக்கும். அதை அப்படியே எடுத்து வைத்தால் தமிழில் தேடும் மாணவருக்கு நூல் கிடைக்காது. தமிழ் எழுத்தில் தலைப்பைச் சேர்க்கும் வேலையைப் பட்டியலாளர்தான் செய்ய வேண்டும்.

ஆசிரியர் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. புதுமைப்பித்தன் என்று தேடுபவரும் சொ. விருத்தாசலம் என்று தேடுபவரும் ஒரே நூல்வரிசைக்கு வந்து சேர வேண்டும். இதற்கென ஒருவரின் பல பெயர்களை ஒன்றாகக் கட்டும் பெயர்ப் பதிவுகளைக் கோஹா அனுமதிக்கிறது. கருவி இருந்தும் இதைச் செய்து வைத்திருக்கும் நூலகங்கள் குறைவு.

செலவும் பராமரிப்பும்

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடுவது ஆபத்து. கோஹா பொதுவாக லினக்ஸ் வழங்கியில் இயங்குகிறது. வழங்கிக் கணினி, மின்தடையைத் தாங்கும் ஏற்பாடு, பதிப்புகளைப் புதுப்பிக்கத் தெரிந்த ஒருவர் ஆகியவை தேவை. ஆர்வமுள்ள ஒரே நூலகர் எல்லாவற்றையும் நிறுவி, அவர் மாற்றலாகிச் சென்றதும் கடவுச்சொல் தெரியாமல் நூலகம் பழைய பதிவேட்டுக்குத் திரும்புவது நடக்கக்கூடியதே. நிறுவிய முறையை எழுதி வைப்பதும், குறைந்தது இருவருக்குப் பயிற்சி அளிப்பதும் இதற்கான எளிய தடுப்பு. வெளியார் சேவையைப் பணம் கொடுத்துப் பெறுவதிலும் தவறில்லை. சேவை பிடிக்காவிட்டால் மென்பொருளை மாற்றாமலே சேவையாளரை மாற்றிக்கொள்ளலாம்.

தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை நாள்தோறும் எடுத்து, வழங்கி இருக்கும் அறைக்கு வெளியே ஒரு படியை வைக்க வேண்டும். நூற்பதிவுகளை அவ்வப்போது மார்க் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வைத்தால், பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தாலும் பட்டியலை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.